தை மாதத்து ஆண்டாள்

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணியாற்றிய கல்லூரியில் மார்கழி மாதத்தில் பாசுரம் ஒப்பித்தல் போட்டி நடந்தது. நடுவர்கள் இருவரில் நான் ஒருத்தி. அறிவிப்புப் பலகையில் ‘ஆண்டாள் பாசுரங்கள்’ என்றுதான் போட்டிருந்தது. வந்த மாணவிகள் எல்லோரும் திருப்பாவையிலிருந்து சொன்னார்கள். இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி மட்டும் நாச்சியார் திருமொழியின் பன்னிரண்டாம் திருமொழியைத் தேர்ந்துகொண்டு வந்திருந்தாள். ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல், பொருள் உணர்ந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சொன்னாள். அரங்கில் கொஞ்சம் சலசலப்பு எழுந்து அடங்கியது.

பக்கத்தில் இருந்த சக நடுவர் என் காதருகே குனிந்து, “பாட்டு நல்ல பாட்டுதான். ஆனா பொண்ணுங்க சொல்ற பாட்டா இது?” என்றார். சொன்னவள் ஒரு பெண், பாடியவள் ஒரு பெண் என்பது அவருக்கும் தெரியும். மதிப்பெண் தாளில் ‘பாடல் தேர்வு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நானும் குறைத்துத்தான் போட்டேன். பரிசு வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. மாலையில் அந்த மாணவி துறைக்கு வந்து, “ஆண்டாள் பாடினதுதானேம்மா?” என்று கேட்டாள். “அடுத்த வருஷம் திருப்பாவை எடுத்துக்கோம்மா” என்றேன். சங்க இலக்கியத்தில் பெண் கூற்றுகளைப் பாடம் நடத்துபவள் நான். உடலைப் பற்றிக் கவிதை எழுதி, அதற்காக ஏச்சும் வாங்கியிருப்பவள். அந்தப் பதிலை என் வாய்தான் சொன்னது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கட்டத்து மதிப்பெண்ணைப் பற்றியது.

ஆண்டாள் பெயரில் நமக்குக் கிடைத்திருப்பவை 173 பாடல்கள். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. இரண்டும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதலாயிரத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டவை. ஆனால் ஆண்டாள் என்றால் நம் காதில் ஒலிப்பது அந்த முப்பதுதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ராகம் அமைத்தது அந்த முப்பதுக்கு, எம்.எல். வசந்தகுமாரி பாடிப் பரவியதும் அந்த முப்பதுதான். வைணவ வீடுகளில் பிறக்காத என்னைப் போன்றவர்களுக்கும் மார்கழி விடியலின் ஒலிபெருக்கி வழியாக அவை மனப்பாடம். மிச்சமுள்ள 143-இல் ஊரறிந்தது ஒரே ஒரு பகுதி: கல்யாண வீட்டில் பாடப்படும் ஆறாம் திருமொழியான வாரணமாயிரம்.

திருப்பாவை மார்கழியில் தொடங்குகிறது. நாச்சியார் திருமொழி தை மாதத்தில். மார்கழி நோன்பு முடித்த அதே பெண் தை பிறந்ததும் தரை மெழுகிக் கோலமிட்டுக் காமதேவனை வணங்குகிறாள். வேங்கடவனோடு தன்னைச் சேர்த்துவைக்கக் கேட்கிறாள். தன் உடல் அவனுக்கென்று வளர்ந்தது, மானிடருக்கு என்று பேச்செடுத்தால் உயிர் வாழமாட்டேன் என்கிறாள். பிறகு குயிலையும் மேகத்தையும் தூது விடுகிறாள். சங்கைப் பார்த்து, அவன் வாய்ச்சுவை எப்படியிருக்கும் என்று பொறாமையோடு விசாரிக்கிறாள். மார்கழி முழுக்க அவளோடு விழித்திருக்கும் ஊர், தை பிறந்ததும் அவளைத் தனியே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது.

வாரணமாயிரம் தப்பிப் பிழைத்த விதத்தைப் பாருங்கள். அது முழுக்க ஒரு கனவு. ஒவ்வொரு பாட்டிலும் தோழியிடம் ‘கனவு கண்டேன்’ என்றே சொல்கிறாள். தேவர்கள் வந்து பெண் பேசுகிறார்கள், அந்தரி நாத்தனாராக நின்று கூறைப்புடவை உடுத்துகிறாள், அவன் அவள் காலைத் தன் கையால் பிடித்து அம்மி மேல் வைக்கிறான். திருமணச் சடங்குகளின் அழகான வரிசை என்பதால் இது மணப்பந்தலுக்கு வந்துவிட்டது. நூலில் இதற்கு அடுத்து வரும் எட்டுத் திருமொழிகளில் அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்பதை யாரும் மணமகளிடம் சொல்வதில்லை. கனவை மட்டும் வெட்டி எடுத்து வாழ்த்தாக்கிவிட்டோம். விழித்த பெண்ணின் பேச்சு புத்தகத்துக்குள்ளேயே கிடக்கிறது.

அந்தப் பேச்சின் உச்சம் பன்னிரண்டும் பதின்மூன்றும். பன்னிரண்டாம் திருமொழியில் அவள் சுற்றத்தாரோடு பேசுகிறாள். அக்கம்பக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு நாணத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்கிறாள். தாய் தகப்பன் உறவு எல்லாம் இருக்கும்போது தனிவழி போய்விட்டாள் என்ற பேச்சு ஊரில் எழுந்தால் அந்தப் பழியைத் தாங்குவது கடினம். அதற்கு முன் நள்ளிரவிலாவது என்னை நந்தகோபன் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறாள். கவனியுங்கள், ‘ஓடிப்போனவள்’ என்ற சொல் எப்படி உருவாகிறது, அதற்கு யார் அஞ்சுகிறார்கள் என்பதை 8, 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒரு பெண் துல்லியமாக அறிந்திருக்கிறாள். அவள் குடும்பத்தை விட்டு ஓடவில்லை. ‘நீங்களே கொண்டு விடுங்கள்’ என்று குடும்பத்தின் கையில் பொறுப்பைக் கொடுக்கிறாள். என் மாணவி அன்று மேடையில் சொன்னது இதைத்தான்.

பதின்மூன்றில், தான் உருகுவது தெரிந்தும் உயிரோடிருக்கிறாளா என்றுகூட விசாரிக்காதவனைக் கண்டால், பயனற்ற தன் முலையை வேரோடு பறித்து அவன் மார்பில் எறிவேன் என்கிறாள். தமிழில் முலையைத் திருகி எறிந்த இன்னொருத்தியை நமக்குத் தெரியும். அவளுக்கு 1968-இல் மெரினாவில் சிலை வைத்தோம். கண்ணகி கணவனுக்காக எறிந்தாள், அது கற்பு. ஆண்டாள் தன் வேட்கைக்காக எறிய நினைத்தாள்; அந்தப் பாட்டைப் போட்டியில் சொல்லக்கூடாது. கோபம் ஒன்றுதான், உறுப்பும் ஒன்றுதான். யாருக்காக என்ற கேள்விதான் ஒன்றைப் பீடத்திலும் மற்றொன்றை மறைவிலும் வைக்கிறது.

திருப்பாவைக்குள்ளேயும் இந்தத் தேர்வு நடக்கிறது. நோன்பின் விதிகளைச் சொல்லும் இரண்டாம் பாட்டு பெண்பிள்ளைகளுக்கான ஒழுக்க அட்டவணையாக மேடைகளில் விளக்கப்படுகிறது: நெய் வேண்டாம், பால் வேண்டாம், மையிட வேண்டாம், பூச்சூட வேண்டாம், பிறரைப் பழி சொல்ல வேண்டாம். அதே பெண்கள் இருபத்தேழாம் பாட்டில் வளையும் தோடும் பாடகமும் பூண்டு, புத்தாடை உடுத்து, முழங்கை வழி நெய் வழியும் பாற்சோற்றைக் கூடியிருந்து உண்கிறார்கள். கூடாரவல்லி அன்று அக்காரவடிசல் செய்கிறோம், உண்கிறோம். ஆனால் அந்த நோன்பு இன்பத்துக்கான முன்தயாரிப்பு என்பதை யார் சொல்கிறார்கள்? பத்தொன்பதாம் பாட்டில் விளக்கொளியில் கட்டிலும் மெத்தையும் நப்பின்னையின் மார்பில் கிடப்பவனும் வருகிறார்கள். ஆறு வயதுப் பெண்குழந்தைகள் அதை விடியற்காலையில் கணீரென்று பாடுகிறார்கள். பொருள் தெரியாதவரை எந்தப் பாட்டும் ஆபத்தில்லை போலும்.

‘இப்படியெல்லாம் பச்சையாகப் பேசுவது நம் மரபில்லை’ என்று சொல்பவர்களுக்கு மரபையே சாட்சியாக அழைக்கலாம். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரியவாச்சான் பிள்ளை நாச்சியார் திருமொழி முழுமைக்கும் வியாக்கியானம் செய்தார். ஒரு பாட்டையும் அவர் தாண்டிப் போகவில்லை. முலைக்கும் இதழுக்கும் பக்திப் பொருள் சொல்லும் ஸ்வாபதேசம் என்ற முறை வைணவ உரைகளில் உண்டு. அந்த முறையோடு எனக்கு வழக்கு இருக்கிறது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகப் பெண்வேடம் பூண்டு ஏங்குவது தத்துவ உயரம். ஒரு பெண் தன் குரலிலேயே ஏங்கினால் அதற்குப் பொருள் மாற்றம் தேவைப்படுகிறது. என்றாலும் அந்த உரையாசிரியர்கள் பாட்டை வைத்துக்கொண்டு பொருளை வளைத்தார்கள். நாம் பாட்டையே எடுத்துவிடுகிறோம். நம் கூச்சத்தைவிட அவர்களது மரபு பழையது, அகலமானது.

இதே கத்தரி, மதம் கடந்தது என்று நாம் பெருமைப்படும் நூலிலும் விழுந்திருக்கிறது. திருக்குறளைத் தமிழ்மறை என்கிறோம். அப்படியானால் அதுவும் ஒரு வேதம்போலத்தான் நடத்தப்படுகிறது. 133 அதிகாரங்களில் 25, அதாவது 250 குறள், காமத்துப்பால். பரிமேலழகர் முழுவதற்கும் உரை எழுதினார். 18-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் மொழிபெயர்த்த வீரமாமுனிவர் முதல் இரண்டு பால்களோடு நிறுத்திக்கொண்டார். 1886-இல் ஜி.யு. போப் மூன்றையும் ஆங்கிலத்தில் கொடுத்தார். வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டதை இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். நாம் மறுபடியும் விட்டோம். 2016-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திருக்குறளைப் பள்ளிகளில் விரிவாகக் கற்பிக்கச் சொன்னபோதும் பேசப்பட்டவை அறத்துப்பாலும் பொருட்பாலும்தான். நான் ஏறி இறங்கிய அரசுப் பேருந்துகளில் ஓட்டுநர் தலைக்கு மேல் எழுதியிருந்த குறள்களில் ஒன்றுகூடக் காமத்துப்பாலிலிருந்து இருந்ததாக நினைவில்லை.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் ‘புணர்ச்சி மகிழ்தல்’ வேண்டாம் என்பது நியாயமான பேச்சு. ஒரு ஆசிரியையாக நானும் அதை ஏற்கிறேன். என் கேள்வி வேறு. ஆறாம் அதிகாரமான வாழ்க்கைத் துணைநலத்தில் ‘நிறை’ என்ற சொல் வருகிறது. பெண்ணைச் சிறையில் பூட்டிக் காப்பதால் பயனில்லை, அவள் தன் நிறையால் தன்னைக் காப்பதே சிறந்தது என்பது அங்கே கருத்து. பட்டிமன்றத்திலும் திருமண மேடையிலும் பெண்கள் கல்லூரி ஆண்டு விழாவிலும் நாம் கேட்டுக் கேட்டுப் பழகியது. அதே ‘நிறை’ 126-ஆம் அதிகாரத்தின் தலைப்பிலும் இருக்கிறது: நிறையழிதல். அங்கே தலைவியே பேசுகிறாள். நாணம் என்ற தாழ்ப்பாள் போட்ட நிறை என்ற கதவைக் காமம் என்ற கோடரி உடைத்துவிடுகிறது என்கிறாள். நள்ளிரவிலும் காமம் தன் நெஞ்சை இரக்கமில்லாமல் வேலை வாங்குவதாகச் சொல்கிறாள்.

ஒரே புலவர், ஒரே சொல். முதலிடத்தில் நிறை பெண்ணைப் பற்றிப் பிறர் சொல்வது. இரண்டாமிடத்தில் அது உடைந்ததைப் பெண் சொல்வது. நமக்குக் கற்பிக்கப்பட்டது முதலாவது மட்டும். நாச்சியார் திருமொழியிலும் இதேதான் நடந்திருக்கிறது. ஆபாசம் என்று எதை நீக்குகிறார்கள் என்று இருபது வருடங்களாகப் பாடம் நடத்தி நான் கண்டது இது: வெட்டப்படுவது உடல் அன்று, பெண் ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம். ஆண் அவளை அங்கம் அங்கமாக வருணிக்கும் பாடல்கள் பாடத்திட்டத்தில் தாராளமாக இருக்கின்றன. அவற்றை மாணவிகள் முன்னால் விளக்குவதில் யாருக்கும் நாக்கு கூசியதில்லை.

இந்த இடத்தில் முத்துப்பழநியையும் பெங்களூர் நாகரத்தினம்மாளையும் நினைக்காமல் போக முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழநி, ராதை–கண்ணன் கதையை ‘ராதிகா சாந்தவனம்’ என்று தெலுங்கில் பாடினார். 19-ஆம் நூற்றாண்டில் அது சில பகுதிகள் நீக்கப்பட்டு அச்சானது. சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் அதை ஒரு பெண் எழுதத் தகாதது என்ற தொனியில் கண்டித்தார். தேவதாசி மரபில் வந்த நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடி எடுத்து, விடுபட்டவற்றைச் சேர்த்து 1910-இல் பதிப்பித்தார். நாணம் பெண்களுக்கு மட்டும் உரியதா என்று திருப்பிக் கேட்டார். அரசு நூலைத் தடை செய்தது. தடை நீங்க 1940-களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பக்தையும் இவரேதான். பக்தியும் வேட்கையும் ஒரே பெண்ணிடம் இருக்கும் என்பதை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இனி, அந்த மாணவி. ‘அடுத்த வருஷம்’ என்று நான் சொன்ன அந்த அடுத்த ஆண்டு அவள் கல்லூரியில் இல்லை. கைப்பேசியில் எதையோ வீட்டில் பார்த்திருக்கிறார்கள். பையன் வேறு சாதி. தகப்பனாரும் தாய்மாமனும் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார்கள். இன்னும் மூன்று பருவம்தான், படிப்பை முடிக்க விடுங்கள் என்று நான் கேட்டுப் பார்த்தேன். மாமன் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க தமிழம்மா, உங்களுக்குத் தெரியாததா? பொம்பளப் பிள்ளைக்கு நிறைதானே காப்புன்னு வள்ளுவரே சொல்லியிருக்காரு” என்றார். சிறைக்காவலால் என்ன பயன் என்று அதே குறள் கேட்பதை அவர் மறந்திருந்தார். மருமகளை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத்தான் அவர் வந்திருந்தார். அவள் துறைவாசலுக்குக்கூட வரவில்லை.

சாதி நிலைப்பது அகமணத்தால், அதற்காகவே பெண்ணின் பாலியல் கட்டுப்படுத்தப்படுகிறது என்று அம்பேத்கர் 1916-லேயே ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற ஆய்வுரையில் காட்டிவிட்டார். அந்த மாமனுக்குக் காவல் தேவைப்பட்டது சாதிக்கு. அதை நேரடியாகச் சொல்ல இந்தக் காலத்தில் கொஞ்சம் கூச்சமிருக்கிறது. அப்போது மறைநூல் கைகொடுக்கிறது. அதற்காக அவர் முழு நூலையும் படிக்க வேண்டியதில்லை. அவருக்கு வேண்டிய அளவுக்கு நூலை நறுக்கி வைக்கும் வேலையைப் பள்ளியும் மேடையும் போட்டிகளும் முன்பே செய்து முடித்திருந்தன. மதிப்பெண் தாளில் அந்த ஒரு கட்டத்தை நிரப்பியபோது நானும் செய்தேன். பெரிய தணிக்கை எல்லாம் அரசாணையோடு வருவதில்லை. பத்துக்கு நான்கு என்று போடும் ஒரு பேனாவில் முடிந்துவிடுகிறது.

நம்மை நோக்கியும் ஒன்றைக் கேட்க வேண்டும். பெண்ணியவாதிகளாகிய நாமும் தேர்ந்தெடுத்துத்தானே வாசிக்கிறோம்? பதின்மூன்றாம் திருமொழியைக் கொண்டாடும் நாம், மானிடரை மறுத்து இறைவனையே வேண்டும் அந்தப் பிடிவாதத்தை ஓரமாக வைக்கிறோம். ஆண்டாளின் வேட்கையை மரபு இவ்வளவு தூரம் பொறுத்துக்கொண்டதற்கு அவள் வேண்டியது கடவுளை என்பதும் காரணம். பக்கத்துத் தெருப் பையனை வேண்டியிருந்தால் கதை வேறு. காமத்துப்பாலின் தலைவி மிகுதியான நேரம் பிரிந்துபோனவனுக்காகக் காத்திருந்து மெலிகிறாள். பொருட்பாலின் ‘வரைவின் மகளிர்’ அதிகாரத்தில் பரத்தையர் மீது கொட்டப்பட்டிருக்கும் வெறுப்பை எந்த நயவுரையாலும் கழுவ முடியாது. 2018-இல் ஆண்டாளின் பிறப்பு பற்றிய சர்ச்சை எழுந்தபோது ‘தேவதாசி’ என்ற சொல்லே பெரிய வசையாகக் கொள்ளப்பட்டது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அப்போது பேசினோம்?

எல்லா வாசிப்பும் ஏதோ ஒன்றைத் தேர்கிறது. நான் ஒரு பாட்டை எனக்குப் பிடிக்கிறது என்று தேர்ந்தால், அது என் தேர்வு என்று சொல்லிவிட்டே செய்கிறேன். மறுக்க உங்களுக்கு இடமிருக்கிறது. ஒழுக்கக் காவலர் தேர்ந்தெடுத்ததை ‘நூல் சொல்கிறது’ என்கிறார். தன் கையை மறைத்துக்கொள்கிறார். அந்தத் தேர்வின் விலையைக் கட்டுவது அவரல்ல, வீட்டுக்குள் பூட்டப்படுகிற பெண். ஆகவே, மறைநூலை வீசி எறியும்படி என் மாணவிகளிடம் நான் சொல்வதில்லை. யாராவது ஒரு வரியைக் காட்டி உங்கள் வாயை அடைக்க வந்தால், அந்தப் புத்தகத்தை முழுசாகக் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள். விடுபட்டது எந்த எண், விட்டது யார் என்று கேளுங்கள்.

இப்போது வேறொரு கல்லூரியில் இருக்கிறேன். முதலாண்டில் ஆறாம் அதிகாரமும் மூன்றாமாண்டில் காமத்துப்பாலும் என்று பாடத்திட்டம் பிரித்து வைத்திருக்கிறது. நான் ஆறாம் அதிகாரம் நடத்துகிற அன்றே 126-ஐயும் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். தேர்வில் வராது என்று சொல்லித்தான் நடத்துகிறேன். தேர்வில் வராதது என்றால் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சென்ற மார்கழியில் இங்கேயும் ஒப்பித்தல் போட்டிக்கு அறிக்கை தயாரித்தார்கள். வரைவு என் மேசைக்கு வந்தது. ‘திருப்பாவை’ என்றிருந்ததை அடித்து ‘ஆண்டாள் பாடல்கள்’ என்று எழுதினேன். அதன் கீழே, திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். மதிப்பெண் தாளில் இருந்த ‘பாடல் தேர்வு’ என்ற கட்டத்தை நீக்கினேன்.

பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒன்பது பேர் திருப்பாவை. ஒருத்தி வாரணமாயிரம். ஒருத்தி முதல் திருமொழி, தை மாதத்தில் தொடங்குவது. அவளுக்குப் பாதியில் மறந்துவிட்டது. நடுவர் இருக்கையிலிருந்து நான் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தேன்.